இருதயத்துட் காண்டல்

சண்டிலிப்பாயில் எமது வகுப்பிலே பூசலார் நாயனார் சரித்திரம் கற்பிக்குங்கால் மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, வைத்தியர் இக்காலத்தில் இருதயத்துள்ளும் விளக்கிட்டுப் பார்க்கின்றனரே, அங்கே கோயிலைக் கண்டாருளரோ?" என்றான். வகுப்புச் சிரித்தது. குறும்பெனக் கருதி அவனைக் கடிந்து இருத்தினோம். மிசன் பாடசாலையிலே இத்தகைய வினாக்கள் பல வினாவி விடைபெற்ற யாம் அங்ஙனஞ் செய்தது தகாது.

பஞ்சாபிலே பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹொப்கின்ஸ் என்பாரோடு கூடிக் கண்ணாடியிழைக் கற்றையினூடே உருவத்தைச் செலுத்தியமையை 1954இல் வெளியிட்டார். ஒளியானது இழையின் பக்கங்களில் மோதி உள்ளேயே மீளுதலின், வளைந்த வழியிலுஞ் செல்லும். எனினும் அவ்விழை நாடியுட் புகுந்தவிடத்துக் குருதி திரையாய் நிற்கும். உப்புநீர் பாய்ச்சி அதனைச் சற்றே விலக்கிய பின்னரே சுவரிற் படிந்த கொழுப்பும் உறைந்த குருதிக்கட்டியுந் தோன்றும். உயிர்தாங்குவதே காட்சிக்கு மறைப்பாதல் வியப்பன்றோ!

இனி, காணப்படாமையால் ஒரு பொருள் இல்லையெனத் துணியலாமோ? நாடியிற் கட்டியைக் காணும் வைத்தியர் அந்நோயாளனது அச்சத்தைக் காண்கிலர். ஆயினும் அச்சமில்லையென்னாது அவனை வினாவியே அறிவர். யாமோ வினாவாமலே மாணாக்கனுள்ளத்தைக் கண்டவர்போலத் தீர்ப்பிட்டோம்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து வினாவினோம். அவன் பாட்டனார்க்கு இருதயத்திற் சத்திரசிகிச்சை நிகழவிருந்தது. அவர் நாடோறும் உள்ளே வழிபடுங் கோயிலுக்கு ஊறு நேருமோ என்பதே அவன் கவலை.