செய்தவர் நோக்கமும் பெறுபவர் சம்மதமும்

ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதுவே அதன் இயல்பாகிவிடுமா என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. அரிஸ்டாட்டில் நோக்கக் காரணத்துக்கே முதலிடம் தந்தார். சைவ சித்தாந்தம் குடத்துக்கு மூன்று காரணம் சொல்லும்: மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ஆனால் இறைவன் படைப்பது தன் பொருட்டன்று, உயிர்களின் பொருட்டு என்பது அதன் முடிவு. அப்படியானால் நோக்கம் செய்பவனோடு நிற்பதில்லை; பெறுபவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ‘செவ்மோர்புத்’ என்னும் கப்பலின் உழைப்பு இதற்கு நல்ல உரைகல்.

கெர்ச் நகரில் கட்டப்பட்டு 1988இல் பணிக்கு வந்த இந்தச் சோவியத் கப்பல் 260 மீட்டர் நீளமுள்ளது. அணு உலையின் ஆற்றலில் ஓடியது. நோக்கம் அதன் உடம்பிலேயே பதிந்திருந்தது. ஆர்க்டிக் கரையில் பெரிய கப்பல் அணையும் ஆழமுள்ள துறைமுகங்கள் குறைவு. அதனால் சரக்கு நிரப்பிய 74 பார்ஜுகளைத் தன்மேல் சுமக்கும்படி இதை வடிவமைத்தார்கள். மேல்தளத்தின் நெடுகத் தண்டவாளத்தில் நகரும் ராட்சத கிரேன், ஒவ்வொரு பார்ஜையும் தூக்கிக் கப்பலின் பின்முனைக்குக் கொண்டுபோய் நீரில் இறக்கும். இழுவைப் படகு அதை ஆழமற்ற கரைக்கோ ஆற்றுக்குள்ளோ இழுத்துச் செல்லும். சரக்கு இறங்கும்வரை கப்பல் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

கப்பல் நீரில் இறக்கப்பட்ட 1986ஆம் ஆண்டிலேயே செர்னோபில் அணு உலை வெடித்தது. 1989இல் தூரக் கிழக்குத் துறைமுக நகரங்களான விளாதிவஸ்தோக், நகோத்கா, மகதான் மக்கள் இந்த அணுக் கப்பலை உள்ளே விட மறுத்தார்கள். கிரேன் பழுதில்லை, உலையும் பழுதில்லை; ஆனாலும் வந்த வேலை நடக்கவில்லை. அந்த மறுப்பை வெறும் பீதி என்று தள்ளுவது நியாயமில்லை. செர்னோபில் உண்மையை முதல் நாட்களில் மறைத்த அரசின் உறுதிமொழியை அவர்கள் எதைக் கொண்டு நம்புவது? அருகில் வாழப்போகிறவர்கள் ஏற்காதவரை, வடிவமைப்பாளரின் நோக்கம் பாதி நோக்கமே.

பிறகு இந்தக் கப்பல் கண்டெய்னர்கள் சுமந்தது. 2007இல் ஓய்ந்து கிடந்தபோது எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலாக்கவும் திட்டமிட்டார்கள். 2016இல் மீண்டும் பணிக்கு வந்து, 2019இல் கம்சத்காவின் மீனைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டு சேர்த்தது.

அரிஸ்டாட்டிலின் தரப்பு இதனால் முற்றிலும் தோற்றுவிடவில்லை. பெறுபவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அதைக் கொடுக்கக் கப்பலின் உடம்பு இடம் தர வேண்டும். 2020இல் அண்டார்க்டிகாவின் வஸ்தோக் ஆய்வு நிலையத்துக்கான சரக்கோடு புறப்பட்ட செவ்மோர்புத், அங்கோலாவுக்கு அப்பால் உந்துவிசிறி சேதமடைந்ததால் சரக்கைச் சேர்க்காமலே திரும்பியது.