குழாயின் உட்புறம்

பட்டம் இழுத்துச் செல்லும் மூன்று சக்கர வண்டிக்கு எஞ்சின் கிடையாது. பெரும்பாலும் பிரேக்கும் கிடையாது. ஓட்டுபவர் தரையை ஒட்டினாற்போல் அமர்ந்து, முன்சக்கரத்தைக் கால்களால் திருப்பிக்கொண்டு, பட்டத்தின் கயிறுகளைக் கைகளில் பிடித்திருப்பார். 1826இல் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் பட்டம் இழுக்கும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய எளிய வடிவத்தை 1990ஐ ஒட்டிப் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின். அமெரிக்காவின் இவான்பா வறண்ட ஏரிப்படுகையில் இவ்வகை வண்டி மணிக்கு 130 கி.மீ.க்கும் மேல் ஓடியிருக்கிறது. அந்த வேகத்தில் ஓட்டுபவர் தம் உடலை ஒப்படைத்திருப்பது, தாம் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரின் கைவேலையிடம். யார் கண்ணிலும் படாத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்யும் கடமை அந்த ஒருவருக்கு உண்டா? உண்டு என்கிறேன், அது அறக்கடமை என்றும் சொல்கிறேன்.

பட்டம் வண்டியை முன்னால் மட்டும் இழுப்பதில்லை, பக்கவாட்டிலும் இழுக்கிறது. அந்தச் சுமையில் பெரும்பங்கு பின் அச்சின் மீதும், அச்சு சட்டத்தோடு சேரும் வெல்டிங் மீதும் விழுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை டிக் (TIG) முறையில் வெல்டிங் செய்யும்போது வெளிப்புறத்தை ஆர்கான் வாயு காக்கிறது. உட்புறத்தையும் காக்க வேண்டுமானால் குழாயின் முனைகளை அடைத்து உள்ளேயும் ஆர்கான் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கத்து உலோகம் காற்றுப்பட்டு, கருகிய சர்க்கரைபோலப் பொருக்குத் தட்டிவிடும். அந்த இடத்தில் குரோமியத்தின் காப்பு போய்விடுகிறது. கடற்கரையில் ஓடும் வண்டிக்குள் உப்புநீர் புகுந்தால் அரிப்பு எளிதில் பற்றுவது அங்கேதான். வெளியே பளபளப்பில் ஒரு குறையும் தெரியாது. வாங்குபவர் தடவிப் பார்த்தாலும் தெரியாது. இதைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. அரிஸ்டாட்டில் நிகோமாகிய அறவியலின் ஆறாம் நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார்: கைத்தொழிலில், தெரிந்தே தவறு செய்பவர் தெரியாமல் செய்பவரைவிட மேல், விவேகத்திலும் நற்குணங்களிலும் அதுவே தலைகீழ். ஆர்கான் தேவை என்று அறிந்தும் சிலிண்டர் செலவை மிச்சம் பிடிப்பவர் மட்டமான தொழிலாளி அல்லர்; நினைத்திருந்தால் சரியாகவே செய்திருப்பார். எனவே அவர்மீது நாம் சுமத்தும் குறை திறமையைப் பற்றியதாக இருக்க முடியாது. வெளிப்புறத்தின் பளபளப்பு, உள்ளேயும் எல்லாம் சரி என்று வாங்குபவரிடம் சொல்கிறது. அது பொய் என்பது செய்தவருக்குத் தெரியும். பல பட்டறைகளில் இந்த முடிவு வெல்டருடையதாகவே இராது, ஒரு சட்டத்துக்கு இத்தனை நிமிடம்தான் என்று கணக்குப் போட்டவருடையதாக இருக்கும். அப்படியானால் பழியும் அவரையே சேர வேண்டும்.

இதைவிட ஆழமான மறுப்பு நிலையாமையிலிருந்து வருகிறது. கூடி உண்டானதெல்லாம் கலையும். சட்டமும் கலையும், அதில் அமர்ந்தவரும் ஒருநாள் மறைவார். பிறகு ஐந்து ஆண்டு உழைக்குமா, இருபது ஆண்டு உழைக்குமா என்று பார்ப்பது வெறும் பற்றுதானே? எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வி அன்று இது. ஆனால் பாலி மரபு சொல்லும் புத்தரின் இறுதி அறிவுரையில், அனைத்தும் அழியும் என்பதும் விழிப்போடு முயல வேண்டும் என்பதும் பிரியாமல் ஒன்றாகவே வருகின்றன. உலோகத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். சாதாரண எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான சுமை எத்தனை முறை வந்து போனாலும் அது ஏறக்குறைய அப்படியே நிற்கும். உப்புநீர் சேர்ந்தால் அந்த வரம்பும் நம்பத்தக்கதன்று. அலுமினியத்துக்கோ அத்தகைய வரம்பே இல்லை. சிறு அதிர்வுகளும் சேர்ந்து சேர்ந்து என்றாவது விரிசலாகிவிடும். ஆகவே அலுமினியத்தில் சட்டம் செய்பவர், இது ஒருநாள் உடையும் என்பதிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். சுவரைத் தடிமனாக்குவதும், கூரிய மூலைகளை உருட்டிவிடுவதும், அதிகம் வளையும் இடத்திலிருந்து வெல்டிங்கை விலக்கி வைப்பதும் அந்த அறிவிலிருந்து பிறந்தவை. உடையும் விதத்திலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. நல்ல எஃகு அச்சு மிகைச்சுமை வந்தால் முதலில் வளைந்து காட்டும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய அச்சு முன்னறிவிப்பின்றிப் பட்டென்று முறியும். நிலையாமையை மெய்யாகவே நம்புகிறவர் இந்த இரண்டில் முதலாவதைத்தான் செய்வார்.

இது வெறும் விளையாட்டுப் பொருள்தானே, இத்தனை கண்டிப்பு விலையை ஏற்றி ஏழைகளை விலக்கிவிடாதா என்றும் கேட்கலாம். விளையாட்டு என்பதால் எலும்பு முறியாமல் போவதில்லை. விலையைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் மலிவும் நேர்மையாக இருக்க முடியும். சக்கர பேரிங் உப்பில் கெட்டுப்போகும். அதில் குற்றமில்லை, ஏனெனில் அது கரகரவென்று சத்தம் போட்டு ஓட்டுபவரை எச்சரிக்கும். பொது அளவில் வாங்கிப் பொருத்தியிருந்தால் எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். ஆர்கானுக்குச் செலவிட முடியாத பட்டறை, மறைவான இணைப்புகளை வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு இறுக்கலாம். சட்டம் சற்றுக் கனக்கும், அழகும் கொஞ்சம் குறையும். ஆனால் இரண்டாம் கையாக வாங்குபவரும் ஒரு ஸ்பேனரைக் கொண்டு அதைக் கழற்றி, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.