இஞ்சிச் சாறும் காரண விசாரமும்

ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டிவிட்டால், நீலகிரியின் குந்தாவில் வெயில் என்பது நினைவில் மட்டும் இருக்கும் பொருளாகிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அபூர்வமானதுதான். ஆனால் நாள் முழுதும் விடாத சாரலும், ஈரச் செடிகளுக்கிடையே நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் தும்மலும், பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளின் மூக்கடைப்பும் ஆண்டு தவறாமல் வருபவை. அந்நாட்களில் மஞ்சூரைச் சுற்றியுள்ள ஹட்டி எனப்படும் சிற்றூர்களிலும் தோட்டத்து லயன் வீடுகளிலும் முதல் வைத்தியம் அடுப்படியிலேயே ஆரம்பமாகிறது. பச்சை இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கிப் பிழிந்து, சாற்றைச் சற்று நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் வெள்ளையாகப் படியும் மண்டியை நீக்கி, மேலே தெளிந்ததை மட்டும் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள்.

சில நாட்களில் சளி இளகி, குரல் திறந்து, குழந்தை பழையபடி ஓடத் தொடங்கியதும், மருந்து கொடுத்த பாட்டி, "இஞ்சிக்குக் கேட்டுவிட்டது" என்கிறாள். அடுத்த மூச்சிலேயே, "எல்லாம் முருகன் புண்ணியம்" என்றும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். ஒரே காரியத்திற்கு இரண்டு காரணங்களைச் சொல்லிவிட்டோமே என்ற சஞ்சலம் அவளுக்குச் சிறிதும் இல்லை. இது சிந்தனையின் சோம்பலா, அல்லது சாஸ்திரம் படித்தவர்களுக்கும் எளிதில் கைவராத தெளிவா என்பதே நான் இங்கு விசாரிக்க விரும்புவது.

காரணம் என்று எதைச் சொல்லலாம் என்பதில் நம் நியாய சாஸ்திரக்காரர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். காரியத்திற்கு முன்னால் இருந்தது என்பதற்காக மட்டும் ஒன்று காரணமாகிவிடாது. அது தவறாமல் முன்னிற்க வேண்டும், அதனோடு அது இல்லாமலும் காரியம் நடந்திருக்கும் என்று சொல்ல இடமில்லாமலும் இருக்க வேண்டும். மண்ணைச் சுமந்து வந்த கழுதை குடத்திற்கு முன்னால் இருந்தது உண்மையே. எனினும் அது குடத்திற்குக் காரணமன்று, ஏனெனில் வேறு எதில் ஏற்றி வந்திருந்தாலும் அந்த மண் குடமாகியிருக்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இஞ்சியின் நிலை சங்கடமானதே. ஜலதோஷத்தை உண்டாக்கும் நுண்கிருமிகள் இருநூறு வகைக்கும் மேற்பட்டவை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தருகே 1946இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தும், தீர்க்கும் மருந்து என்று ஒன்று அகப்படவில்லை. ஒன்றும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாட்களில் உடம்பே அதைத் தீர்த்துவிடுகிறது. 2013இல் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் சோதனைச்சாலையில் வளர்த்த உயிரணுக்களில், சுக்குக்கு இல்லாத ஒரு சக்தி பச்சை இஞ்சிக்கு இருப்பதையும், சுவாசத்தைத் தாக்கும் ஒரு வகைக் கிருமியை அது தடுப்பதையும் கண்டார்கள். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தில் நிகழ்ந்தது குழந்தையின் தொண்டையிலும் நிகழும் என்பதற்கு அது பிரமாணம் ஆகாது.

அப்படியானால் இஞ்சி வெறும் கழுதைதானா? இல்லை என்பதே என் துணிபு. நோய் முடிவது ஒரு காரியம். நோய் இருக்கும்வரை படும் வேதனை தணிவது வேறொரு காரியம். இஞ்சியின் காரம் நாவில் நீரூறச் செய்கிறது. மூக்கை ஒழுகவிட்டு அடைப்பை இளக்குகிறது. நெஞ்சுக்குள் ஒரு வெம்மையைப் பரப்புகிறது. தேன் தொண்டையின் கரகரப்பை ஆற்றுகிறது. இவை பிரத்தியட்சம். இரவில் இருமி இருமிப் புரண்ட குழந்தை அந்த ஒரு தேக்கரண்டியால் இரண்டு நாழிகை கண்ணயருமானால், அந்த உறக்கத்திற்கு இஞ்சி மெய்யான காரணமே. அதைச் சிறிய காரியம் என்று சொல்பவர் அக்குழந்தையின் அருகே விழித்திருந்தவராக இருக்க முடியாது.

காரணத்தை மிகையாகச் சொல்வதில் உள்ள அபாயத்திற்குப் பெரிய உதாரணமே உண்டு. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, ஹரிஜன யாத்திரையாகத் தென்னாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்திற்கு ஈசுவரன் விதித்த தண்டனை அது என்று பேசினார். ரவீந்திரநாத தாகூர் அக்கருத்தை வன்மையாக மறுத்து எழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். தீண்டாமை மகாபாதகம் என்பதில் எனக்குச் சந்தேகம் அணுவளவும் இல்லை. ஆயினும் இந்தக் காரண விவகாரத்தில் நான் தாகூரின் பக்கமே நிற்கிறேன். அதுபோலவே, பிழைத்த குழந்தை தாயின் பக்தியால் பிழைத்தது என்று நாம் நிச்சயமாகச் சொன்னால், அடுத்த லயனில் பிழைக்காத குழந்தையின் தாய்க்குப் பக்தி போதவில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கொடுமையை எந்தத் தெய்வத்தின் பெயராலும் செய்யலாகாது.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்ற பழமொழியை மஞ்சூர் அன்னமலை ஏறித் தண்டாயுதபாணியைத் தரிசிக்கும் அடியவர்கள் அறிவார்கள். மருந்தையும் தெய்வத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அவ்வாக்கு, இரண்டையும் போட்டிக்கு நிறுத்தவில்லை. அநுக்கிரகம் என்பது இஞ்சிக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும் இன்னொரு காரணமன்று. மண்ணில் இஞ்சி விளைவதும், தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் இயல்பு உடம்புக்கு வாய்த்திருப்பதும், நள்ளிரவில் எழுந்து சாறு பிழிய ஒருத்திக்கு மனம் வருவதும் ஆகிய எல்லாவற்றிற்கும் அடியில் உள்ள ஆதாரம் அது. ஆதலால், கணக்குத் தீர்க்காமலே நன்றி சொல்லலாம். பாட்டியின் இரண்டு வாக்கியங்களும் முரண்படாமல் இருப்பதன் ரகசியம், முதலாவது மருந்தைப் பற்றியதாகவும் இரண்டாவது நன்றியைப் பற்றியதாகவும் இருப்பதே.

இதை ஏற்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ, மூச்சு வாங்கும்போது விலா உள்வாங்கினாலோ, இஞ்சியையும் நேர்த்திக்கடனையும் காரணம் காட்டித் தாமதிக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.