விளக்குப் போடாத படகுகள்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைத் தாண்டி, மீனவர் குப்பத்து மணலில் உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். கடலில் ஓரிடத்தில் மட்டும் ஏழெட்டு விளக்குகள் நெருக்கமாகத் தெரிந்தன. மற்றபடி இருட்டு.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம், "ஏண்ணே எல்லாரும் அங்கயே நிக்கிறாங்க?" என்றேன்.

"அடியில பாறை இருக்கு தம்பி. மீன் அங்கதான் கூடும்." கொஞ்சம் விட்டு, "வெளக்குப் போடாத போட்டும் அங்க கெடக்கும். ஒங்களுக்குத் தெரியாது" என்றார்.

அன்று மதியம்தான் செங்கல்பட்டு வீட்டிலிருந்தபடி என் டீமில் ஒருவருக்கு அப்ரைசல் எழுதி அனுப்பியிருந்தேன். 'வேலை சரி. விசிபிலிட்டி போதாது.' எங்கள் தொழிலில் இது சாதாரண வாக்கியம். ஆனால் ஒருவருடைய ஒரு வருடத்தை அது தீர்மானித்துவிடும்.

வானத்திலும் இப்படி விளக்குகள் உண்டு. ஒரு கேலக்ஸியின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையை நோக்கி வாயு விழும்போது, அது சூடேறி, சில சமயம் மொத்த கேலக்ஸியையும் மிஞ்சி ஒளிரும். இவைதான் ஆக்டிவ் கேலக்ஸிகள். ஊட்டி அருகே மலைச்சரிவில் 1970இலிருந்து இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இவற்றைத்தான் முதலில் குறிவைத்தது. நிலா குறுக்கே வந்து மறைக்கும்போது சமிக்ஞை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அவற்றின் அளவைக் கணக்கிட்டார்கள் கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவினரும்.

இந்த விளக்குகள் வானத்தில் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கவில்லை, கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. காரணம், அடியிலிருக்கும் பாறை. அணுக்களாலான பொருளைப்போல சுமார் ஐந்து மடங்கு கரும்பொருள் பிரபஞ்சத்தில் இருக்கிறது. அது குவிந்த இடங்களில்தான் கேலக்ஸிகள் பிறக்கின்றன. எடை கூடிய குவியல்கள், மலைத்தொடரின் சிகரங்களைப்போல, ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே அமையும். அதனால் விளக்குகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று அளந்தால், அடியிலிருக்கும் குவியலின் எடை தெரியும். குவாசர்களுக்கு அது சில லட்சம் கோடி சூரியன்கள்.

அடுத்த படிதான் என்னை உலுக்கியது. அந்த எடையுள்ள குவியல்கள் மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டால், எரியும் விளக்குகளைவிட மிக அதிகமாக வருகிறது. பெரும்பாலானவை அதே எடையோடு இருட்டில் இருக்கின்றன. அவை மட்டமானவை என்று வானியலாளர்கள் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் கொஞ்ச காலம்தான் எரிகிறது, பிறகு அணைகிறது என்கிறார்கள். நம் பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளை ஒன்று கிட்டத்தட்ட அணைந்து கிடக்கிறது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு பிரம்மாண்டமான காமாக் கதிர்க் குமிழிகள், அது ஒருகாலத்தில் எரிந்ததன் தடயமாக இருக்கலாம்.

இதிலிருந்து நேராக அறத்தை உருவிவிட முடியாதுதான். கரும்பொருளுக்கு நியாயம் தேவையில்லை, மனிதருக்குத் தேவை. இருட்டில் இருப்பவரெல்லாம் பாரம் சுமக்கிறவர் என்று சொல்வதும் சோம்பேறித்தனம்தான். விளக்கை மட்டும் எண்ணுவதைப் போலவே அதுவும் அளக்காமல் சொல்லும் தீர்ப்பு. வானியலாளர்கள் அனுதாபத்தால் கரும்பொருளை நம்பவில்லை. மற்றவை நகரும் விதத்தைப் பார்த்தார்கள், அங்கே ஏதோ இழுக்கிறது என்று கண்டார்கள்.

அப்படியானால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அவர் தெரிகிறாரா என்பதல்ல, அவரால் யார் யார் நகர்கிறார்கள் என்பது. மார்ச்சில் அவர் பத்து நாள் லீவில் போனபோது மூன்று பேருடைய வேலை நின்றது. அப்போது நான் எரிச்சல்பட்டது அந்த மூன்று பேர்மேல்.

ஃபார்ம் போய்விட்டது. திரும்பத் திறக்க வேண்டுமென்றால், அளக்காமல் எழுதினேன் என்று மேலே ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் என் விளக்கும் கொஞ்சம் மங்கும். மணலிலேயே உட்கார்ந்து போனில் மெயில் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.