தாமதித்தது யார்?

முதுமையில் நடக்கும் மணத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆப்சிகமி’ என்றொரு சொல் உண்டு. தாமதத்தையும் மணத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்கள் கூடிப் பிறந்தது. காலங்கடந்து மணப்பதற்குப் பண்டைய ஸ்பார்ட்டாவில் தண்டனை இருந்ததென்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். தாமதித்தவன் நாட்டுக்குக் கடன்பட்டவன் என்பது அந்நகரத்தின் நியாயம் போலும்.

இலங்கை மலையகத்தின் பதுளையிலும் பசறையிலும் நமுனுகுல மலையடியிலும் நாம் காணும் முதுமைத் திருமணம் வேறு வகை. பதிவாளரின் மேசைமுன் ஒரு தாத்தாவும் பாட்டியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தி அடையாள அட்டைகளை எடுத்து நீட்டுகிறாள். தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன பெருவிரல் மையில் தோய்ந்து கைநாட்டாகிறது. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டிய அன்று தோட்டமே சாட்சி. பதிவேட்டிலோ இன்றைய தேதிதான் விழுகிறது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வழிவந்த இந்தத் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே அடுப்பில் உண்டவர்கள் இரு தேசத்தவரானார்கள். தோட்டத்துச் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பேர் இருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர் பலர். யார் எந்த நாட்டவர் என்பதையே முடிவுசெய்யாத அரசிடம் எந்த ஏட்டைக் கொண்டுபோய்க் கல்யாணத்தை எழுதுவது? ஸ்பார்ட்டாவின் நியாயத்தையே கொண்டு பார்த்தாலும் இங்கே கடன்பட்டவர்கள் மணமக்கள் அல்லர்.

ஒருவரையொருவர் சுமந்து கழித்த ஆண்டுகளே மணத்தை ஆக்குகின்றன, ஏடு அதைப் பின்னால் வந்து ஒப்புக்கொள்கிறது என்று நாம் நம்புகிறோம். ஆனால் அந்த ஒப்புதல் மறுக்கப்படும்போது பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதப்பட்டுவந்ததையும், கணவரின் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும் கைம்பெண் தன் வாழ்க்கையையே நிரூபிக்க வேண்டியவளாவதையும் காணும்போது, அங்கீகாரம் என்பது உண்மைக்கு வெளியே நிற்கும் அலங்காரமன்று, மனிதர் ஒருவர் இன்னொருவருக்கு யார் என்பதைக் காத்துத் தரும் அறக்கடமை என்பது நமக்கு விளங்குகிறது.

நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து ஊராரால் அவ்வாறே ஏற்கப்பட்டவர்களை மணமானவர்களாகக் கொள்ளும் மரபு இலங்கை நீதிமன்றங்களுக்கு உண்டு. அதை நிலைநாட்ட வழக்காட வேண்டும். ஓய்வுபெற்ற கொழுந்துக்காரிக்கு அந்தச் செலவு ஏது? அதனால்தான் தம்பதியர் இருவருக்கும் உயிர் இருக்கும்போதே மலையிறங்கி வந்து எழுதிக்கொள்கிறார்கள்.