ஏரி நீரும் மீனின் பிராணனும்

மாமரம் பூக்கும் தை, மாசி மாதங்களில் கல்லாவி வட்டாரத்துத் தோப்புகளில் மருந்தடிப்பு மும்முரமாக நடைபெறும். பூங்கொத்துகளின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியை ஒழிக்கவே அது. அங்குள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்த நாம், ஒரு மாலை ஏரிக்கரையில் நின்றிருந்தோம். உறவினர் தோப்பில் மருந்தடித்து முடித்த இருவர் தெளிப்பானை மதகடியில் அமிழ்த்தி அலசினர். வெண்மையாய்க் கலங்கிய நீர் ஏரிக்குள் பரவிற்று. சற்றுத் தள்ளிச் சிறு கெண்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. “இவ்வாறு செய்யலாமா?” என்று வினவினோம். “மீன்தான் சாகவில்லையே, அம்மா” என்றார் ஒருவர்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மீன் சாகவில்லையெனில் இம்சை இல்லை என்பது சரியா?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆச்சாரியார் இம்சையை வரையறுக்கிறார். அங்கே அவர் கொலையை மட்டும் கூறவில்லை. பிரமாதத்தினால், அதாவது விழிப்பின்மையால், பிராணன்களுக்கு ஊறு நேர்தலையே இம்சை என்கிறார். பிராணன்கள் பத்து: பொறிகள் ஐந்து, மனம், வாக்கு, காயம் ஆகிய வலிமைகள் மூன்று, உயிர்ப்பு, ஆயுள். மீனோ ஐம்பொறியும் வாய்த்த உயிர். பதினெட்டாம் தீர்த்தங்கரராகிய அரநாத பகவானின் இலாஞ்சனமாக நாம் வணங்குவதும் மீனையே.

ஐம்பொறியுள் மூக்கு மீனுக்கு எத்தகையது என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். 1938-இல் கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். சிறு மீனொன்றின் தோல் காயமுற்றால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கசிகிறது. அதன் மணத்தை நுகர்ந்த மாத்திரத்தில் கூட்டத்திலுள்ள மீன்கள் அஞ்சி விலகுகின்றன. நம் ஏரிகளில் வாழும் கெண்டையும் கெளுத்தியும் அம்மீனின் பெருங்குலத்தைச் சார்ந்தவையே. சால்மன் மீனும் இவ்வகை அபாய மணத்தை அறியும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், டயசினான் என்னும் பூச்சிமருந்து மிகச் சிறிதளவே கலந்த நீரில் சால்மன் மீன்களை விட்டுப் பார்த்தனர். பத்து லட்சம் லிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவிலேயே மீன்கள் அபாய மணத்திற்கு அஞ்சி ஒடுங்கும் இயல்பை இழந்தன. அவை சாகவில்லை, முன்போலவே நீந்தின. ஆனால் பகையை அறியும் வழி அடைபட்டுப் போயிற்று.

டயசினான் நம் நாட்டில் 2018-இல் தடை செய்யப்பட்டது. எனினும் அதன் இனத்தைச் சேர்ந்த ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் வேறு பெயர்களில் விற்பனையாகின்றன. நரம்புகளுக்கிடையே செய்தி செல்வதைச் சீர்ப்படுத்தும் நொதியை அவை முடக்குகின்றன. பூச்சிக்கும் மீனுக்கும் நமக்கும் அந்நொதி பொதுவானது.

1986-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரருகே மருந்துக் கிடங்கொன்று தீப்பற்றியது. அணைக்க இறைத்த நீரோடு நஞ்சு ரைன் நதியில் கலக்க, விலாங்கு மீன்கள் பெருந்திரளாய் மடிந்தன. உலகமே அதைக் கண்டு பதறியது. பொறி இழந்து நீந்தும் மீனைக் கண்டு யார் பதறுவர்?

உழவன் என் செய்வான் என்ற கேள்வி எழும். தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு உழுதுண்டு வாழ்பவர். தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உத்யோக இம்சையை இல்லறத்தார்க்கு நம் ஆகமம் முற்றும் விலக்கவில்லை. ஆனால் தெளிப்பானை ஏரியில் அலசுவது எந்த வகையில் தவிர்க்க இயலாதது? அது பிரமாதம் அல்லவா? நம் வீடுகளில் நீரை மடித்த துணியில் வடிகட்டிப் பருகுகிறோம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல இறக்கி விடுமாறு நம் பாட்டியார் கற்பித்தனர். கண்ணுக்குப் புலப்படாத உயிரைக் கிணற்றில் பேணும் கை, ஏரியில் நஞ்சைக் கரைக்கலாகுமா?

மறுநாள் உறவினரிடம் இதனைக் கூறினோம். அவர் பொறுமையுடன் கேட்டார். இனித் தெளிப்பானைத் தோப்பிலேயே கழுவி, அந்நீரையும் மருந்தடித்த மரங்களின் மீதே தெளிக்கச் சொல்வதாக வாக்களித்தார். ஆட்களை அழைத்து அப்பொழுதே கூறவும் செய்தார். பின்னர்த் தயங்கித் தயங்கி, “பெரியம்மா, மழை பெய்தால் தோப்பு நீரும் இந்த ஏரிக்குத்தானே வரும்?” என்று கேட்டார். மருந்தே அடிக்காதே என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அவ்வாண்டுக் கடனை அடைக்க அந்தத் தோப்பின் காய்ப்பையே அவர் நம்பியிருந்தார்.