அச்சம் யாருக்கு உரியது?

இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ புதினம் 1990களில் நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ எனச் சன் தொலைக்காட்சித் தொடராயிற்று. கெஞ்சல் மிரட்டலாகிவிட்டது! கொலைகளுக்குக் காரணம் தெய்வமன்று, பிளவுண்ட மனித மனமே என்று கதை தெளிவாக்கிற்று. ஆயினும் முடிவறிந்த பின்னும் பார்த்தவர் நெஞ்சில் நின்றது குதிரைக் குளம்பொலிதான். திண்டுக்கல் சமவெளியில் எல்லைச்சாமிகளின் குதிரைகளைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

ஜின்கள் உண்டென நம்புவோர் நாம். அஞ்சுதற்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்போரும் நாமே. அப்படியிருக்க, அச்சத்தை வலிந்து தேடிச் சுவைக்கலாமா? கதையென்று அறிந்து நடுங்குவதால் ஈமானுக்குக் குறைவில்லை என்றே கருதுகிறோம். பிறவற்றுக்கு அஞ்சுவோர் அவற்றைவிட்டு ஓடுகின்றனர். இறைவனுக்கு அஞ்சுவோரோ அவனிடமே ஓடுகின்றனர். விளக்கணைக்க மறுக்கும் பிள்ளையை நகையாடாமல், அத்தாவோ அம்மாவோ அருகமர்ந்து ஆயத்துல் குர்ஸீ ஓதிக்கொடுத்தால், அவ்வோட்டம் அன்றிரவே தொடங்கும்.